பதினேழாம் நம்பர் டிரைவரின் பெருங்குடல்

பதினேழாம் நம்பர் பேருந்தை ஓட்டிய மனிதருக்கு டிப்போவில் 'ஹாரன்' என்று பெயர். முடி கொட்டிப்போனவரைச் 'சுருட்டை' என்று கூப்பிடுகிற அதே நல்ல மனசுதான் இந்தப் பெயரையும் வைத்தது. ஏனென்றால் அவர் ஹாரன் அடிக்கவே மாட்டார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அடித்ததில்லை. முன்னால் போகிறவன் நடுத்தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு மச்சானோடு ஊர்க்கதை பேசினாலும், இவர் ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு காத்திருப்பார். "அவனுக்கே வெக்கம் வரும்" என்பார். வராது. கடைசியில் கண்டக்டரம்மா இறங்கிப்போய், வரவேண்டியவர்களுக்கு அதை வரவழைத்துவிட்டு ஏறுவார்.

ஹாரன் அடிக்காததில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. "சத்தம் போட்டு வழி வாங்கறதுக்குப் பேரு டிரைவிங் இல்லப்பா, சண்டை" என்று புது டிரைவர்களிடம் சொல்வார். அவர்கள் பவ்யமாகத் தலையாட்டிவிட்டு முதல் வளைவிலேயே அடிப்பார்கள். அவர் பிரேக் போட்டால் போட்டதே தெரியாது. கம்பியைப் பிடிக்காமல் நின்றுகொண்டே உதட்டுச் சாயம் பூசுகிறவர்கள், கோடு பிசகாமல் பூசி முடித்துவிட்டு இறங்குவார்கள். இப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரே பலவீனம், கடைசி நிறுத்தத்தில் இருந்த பேக்கரி. ஒவ்வொரு டிரிப்புக்கும் ஒரு கிரீம் பன், சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. பன் தின்ற கையோடு ஸ்டியரிங்கைத் தொடக் கூடாதென்று விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொள்வார். அதைத்தான் உடற்பயிற்சிக் கணக்கில் வைத்திருந்தார்.

உடம்பு வேறு கணக்கு வைத்திருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை டிரைவர்களுக்கு நடக்கும் மருத்துவப் பரிசோதனையில், ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி எல்லையைத் தாண்டி எங்கேயோ போய் நின்றது. டிப்போ டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"மாத்திரை போடறீங்களா?"

"போடறேன் சார்."

"தினமுமா?"

"ஞாபகம் வர்ற நாள்ல தினமும் போடறேன் சார்."

டாக்டர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று ஹாரனுக்கு அப்புறம் தோன்றியது. "மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்டு வைப்போம், அதுக்குள்ள இது எல்லைக்குக் கீழ வரணும். வரலைன்னா உங்ககிட்ட ஸ்டியரிங்கைக் குடுக்க என்னால முடியாது. தொலைஞ்ச பொருள் ரூம்ல ஆள் கேட்டுக்கிட்டிருக்காங்க" என்றார் அமைதியாக.

தொலைந்த பொருள் அறை டிப்போவின் பின்பக்கம், டயர் கழுவுகிற இடத்தை ஒட்டி இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கக் குடைகள் தொங்கும். ஜோடி இல்லாத செருப்புகள் ஒரு பெட்டியில், ஜோடி இல்லாத கையுறைகள் இன்னொரு பெட்டியில். தட்டில் ஒரு பல்செட், யாரோ எப்போதோ சிரித்த சிரிப்போடு அப்படியே இருந்தது. அந்த அறையில் ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. ஹாரன் அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு அவருக்குப் பன் இறங்கவில்லை. ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்.

அவர் வீட்டம்மா சலவைக்கடையில் வேலை பார்த்தார். துணி வாங்கி, அடையாள நூல் கட்டி, நீராவி இஸ்திரி மெஷினில் அழுத்தி, உரியவரிடம் திருப்பிக் கொடுக்கிற வேலை. கட்டிக் கட்டிக் கை பழகிப்போனதால் வீட்டிலும் எதைக் கண்டாலும் நூல் கட்டிவிடுவார். புருஷனின் துண்டுக்குப் பழுப்பு நூல், தன் துண்டுக்கு நீல நூல். குடை, சீப்பு, வெந்நீர்ப் பை, எதுவும் தப்பவில்லை. கல்யாணமான புதிதில் தூங்கி எழுந்தபோது தன் பனியன் ஓரத்திலும் நூல் இருந்ததைப் பார்த்து ஹாரன் கொஞ்சம் ஆடிப்போனார். பிறகு அதுவே ஒரு நிம்மதியாகிவிட்டது.

விஷயம் தெரிந்ததும் வீட்டம்மா புலம்பவில்லை. "மருத்துவக் கல்லூரியில சர்க்கரைக்கு ஏதோ பொடி குடுத்துப் பாக்கறாங்களாம். என் கடைக்குச் சட்டை போடற டாக்டர் சொன்னாரு. கிளம்புங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, மாத்திரை டப்பாவைப் பல்துலக்கும் பிரஷ்ஷோடு சேர்த்துக் கட்டினார். அதற்கப்புறம் ஹாரனுக்கு ஞாபகம் வராத நாளே இல்லை.

மருத்துவக் கல்லூரியில் அந்த ஆராய்ச்சியை நடத்தியது ஒல்லியான ஒரு பெண். விஷயத்தை விளக்கியே தீருவேன் என்று பலகையில் பெருங்குடலை வரைந்தார். வலது பக்கம் மேலே ஏறி, குறுக்கே போய், இடது பக்கம் இறங்கி, கடைசியில் ஒரு வளைவு. ஹாரன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். பதினேழாம் நம்பர் போகிற வழியும் அச்சு அசலாக அதுதான், கடைசி வளைவு உட்பட.

"இங்க கோடிக்கணக்குல நுண்ணுயிர்கள் இருக்கு சார். நம்மளால செரிக்க முடியாத நார்ச்சத்து இங்க வந்து சேரும். அதுங்க அதைச் சாப்பிட்டுட்டுச் சில அமிலங்களை வெளிய விடும். பியூட்டிரேட், புரோப்பியோனேட்னு பேரு. அந்த அமிலம் குடல் சுவருக்குச் சாப்பாடு. வயிறு நிறைஞ்ச உணர்வையும் சர்க்கரைக் கட்டுப்பாட்டையும் பாத்துக்கற சில ஹார்மோன்களையும் அது தூண்டிவிடும்னு நினைக்கறோம். அது எந்த அளவுக்கு உதவுதுன்னு தெரிஞ்சுக்கத்தான் இந்த ஆராய்ச்சி."

ஹாரன் கை தூக்கினார். "வெளிய விடும்னா... அதுங்களோட கழிவுங்களா?"

"அப்படியும் சொல்லலாம்."

"கோடிக்கணக்கான பேரு என் உள்ள உக்காந்து, தின்னுட்டு, அங்கயே அசிங்கம் பண்ணி, அது எனக்கு மருந்துங்கறீங்க."

"கொஞ்சம் வாயுவும் வரும் சார். அதையும் சொல்லிடறேன்."

வீட்டம்மாவுக்கும் சர்க்கரை எல்லைக்கோட்டை ஒட்டித்தான் இருந்தது என்று அங்கேயே தெரிந்ததால், அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு வெள்ளை டப்பா. டப்பாவுக்குள் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் வெள்ளைப் பொடி, காலையும் மாலையும் ஒரு கரண்டி தண்ணீரில். இரண்டு விதப் பொடி இருந்தது. ஒன்று நார்ச்சத்து. இன்னொன்று பார்க்க அதே மாதிரி இருக்கும் வெற்று மாவு. யாருக்கு எது என்று ஆராய்ச்சிப் பெண்ணுக்கே தெரியாதாம். "உங்களுக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா ஆராய்ச்சி கெட்டுடும்" என்று இரண்டு முறை சொன்னார் பாவம்.

அடுத்த நாள் பேருந்தில் இதைக் கேட்ட கண்டக்டரம்மா வேறு விதமாகக் கவலைப்பட்டார். "கோடிப் பேரு ஏறி உக்காந்திருக்கான், ஒருத்தனும் டிக்கெட் எடுக்கல. நீங்களும் பன் குடுத்து வளத்திருக்கீங்க அண்ணே!"

முதல் சத்தம் வந்தது வீட்டம்மாவிடமிருந்துதான்.

இந்த விஷயத்துக்குத் தமிழில் இரண்டே எழுத்தில் அருமையான ஒரு சொல் இருக்கிறது. எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் வீட்டில் சொல்கிறோம், அச்சில் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு 'வாயு' என்று எழுதுகிறோம். போகட்டும், நானும் வாயு என்றே எழுதுகிறேன். இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அந்த வாயு நீளமாக, நடுவில் ஒரு திருப்பத்தோடு வந்தது. வீட்டம்மா தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "நாற்காலி" என்றார்.

"இத்தனை வருஷமா சும்மாதானே இருந்துச்சு?" என்றார் ஹாரன்.

"பழசாச்சுல்ல."

மறுநாள் நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டார். புது நாற்காலியும் பழசாகியிருந்தது. கடையில் பிரச்சினை இல்லை. இஸ்திரி மெஷினின் பெடலை மிதித்தால் புஸ்ஸென்று நீராவி வரும். அந்த நேரம் பார்த்து வீட்டம்மாவும் காரியத்தை முடித்துக்கொள்வார். அந்த வாரம் எல்லோர் சட்டைகளும் தேவைக்கு மேல் இரண்டு மடங்கு அழுத்தப்பட்டுப் பலகை மாதிரி விறைப்பாகத் திரும்பிப் போயின.

ஹாரனின் வயிறு வாயே திறக்கவில்லை. முதலில் அதையும் தன் குணச்சிறப்பில் சேர்த்துக்கொண்டார். வண்டியில் சத்தம் இல்லை, வயிற்றிலும் இல்லை. ஆனால் கண்டக்டரம்மா சும்மா இருப்பாரா?

"அக்காவுக்கு வருது, உங்களுக்கு வரலையா?"

"வரல."

"அப்போ அக்காவுக்குத்தான் நெசப் பொடி. உங்களுக்கு வந்தது வெத்து மாவு அண்ணே."

ஹாரன் பிரேக் போட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக, பின்னால் நின்றவர்கள் எல்லாம் முன்னால் வந்து விழுந்தார்கள். ஒருவருடைய உதட்டுச் சாயம் காதுவரை போனது.

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் கெட்டது. கண்ணை மூடினால் குடைகள் தொங்கின, பல்செட் சிரித்தது. டெஸ்டு நாள் நெருங்குகிறது, தான் தினமும் மாவைக் கரைத்துக் குடிக்கிறோம், பக்கத்து டப்பாவில் இருக்கிற மருந்து எல்லைக்கோட்டில் இருக்கிற ஆளுக்குப் போகிறது. இந்த நினைப்பு வந்ததற்கே அவருக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த நினைப்பு அதைவிட மோசமாக வந்தது. டப்பாவைத் திறந்து, பைகளை மாற்றி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

ஓட்டுகிற பேருந்தில் கீழே கிடந்த ஊக்கைக்கூட எடுத்துக்கொள்ளாத மனிதர். ஒரு மதியம், காலை ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, மனைவி கடையில் இருக்கிற நேரம் பார்த்து, சமையலறைக் கதவைச் சாத்தினார். தன் வீட்டுச் சமையலறைக்குள் பூனை மாதிரி நடந்தார். தன் டப்பாவின் பையைத் தூக்கினார். அதன் மூலையில் நீல நூல் ஒன்று கட்டியிருந்தது. அந்த வீட்டில் நூல் கட்டாத பொருள் எது? அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. தன் பையை மனைவியின் டப்பாவிலும், மனைவியின் பையைத் தன் டப்பாவிலும் போட்டு மூடினார். வேர்த்துக் கொட்டியது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, குற்றம் செய்தவர்கள் எல்லோரும் செய்கிற மாதிரி, தேவையே இல்லாமல் பாத்திரம் அத்தனையும் கழுவி வைத்தார்.

"என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றார் மாலையில் வந்த வீட்டம்மா, பளபளத்த பாத்திரங்களைப் பார்த்து.

"சும்மா... நேரம் இருந்துச்சு."

இனி மருந்து வேலை செய்ய வேண்டியதுதான் பாக்கி. ஹாரன் தன் வயிற்றைக் கேட்டபடி ஓட்டினார். ஒரு நிறுத்தத்தில் 'புஸ்' என்று ஒலி வந்ததும் முகம் மலர்ந்துபோய்த் திரும்பினார். "கதவு அண்ணே" என்றார் கண்டக்டரம்மா. காற்றழுத்தக் கதவு திறக்கிற சத்தம். அவர் வயிறு கல்லாகவே இருந்தது. அங்கே வீட்டம்மாவோ, வெற்று மாவைக் குடித்துக்கொண்டும் முன்னைவிடக் கனமாக முழங்கிக்கொண்டிருந்தார். பழைய இருப்பு தீர நாளாகும் போலிருக்கிறது என்று ஹாரன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஒவ்வொரு முழக்கத்துக்கும் நெஞ்சில் ஒரு குத்து விழுந்தது.

குற்ற உணர்ச்சி மனிதனை என்ன பாடு படுத்தும் என்பதற்கு ஹாரனைப் பார்த்தால் போதும். பன் தொண்டையில் நின்றது, விட்டுவிட்டார். டீயில் சர்க்கரை போட்டால் மனைவி முகம் தெரிந்தது, அதையும் விட்டார். நேரே வீட்டுக்குப் போய் அந்த முகத்தைப் பார்க்கக் கூசியதால், முன்னாலேயே இறங்கித் தெருத் தெருவாகச் சுற்றி நடந்து போனார். ஒரு நாள் வழியில், அடுத்த ஷிஃப்ட் டிரைவர் ஓட்டிய தன் பேருந்தே அவரைத் தாண்டிப் போனது. கண்டக்டரம்மா ஜன்னலில் தலையை நீட்டி, "ஏறிக்குங்க அண்ணே!" என்று கத்தினார். அவர் மாட்டேன் என்று கையை ஆட்டிவிட்டு நடந்தார்.

இதற்கிடையில் பரிசோதனைக்கு மலம் கொண்டுபோய்க் கொடுக்கிற நாளும் வந்தது. இருவருடையதையும் ஐஸ் பெட்டியில் வைத்து, தன் பேருந்திலேயே, தன் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போனார்.

"சாப்பாடா அண்ணே?"

"ஒரு காலத்துல" என்றார் ஹாரன்.

கண்டக்டரம்மா யோசித்துப் பார்த்துவிட்டு, முகம் மாறாமல் லக்கேஜ் டிக்கெட் ஒன்றைக் கிழித்துப் பெட்டியின் மேல் ஒட்டினார். சட்டம் சட்டம்தானே.

விடுமுறை நாள் ஒன்றில் வீட்டம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டார். "இங்க வாங்க." அந்த இரண்டு சொல்லிலேயே ஹாரனுக்கு அடிவயிறு கலங்கியது. பொடியால் நடக்காதது அதனால் நடந்தது.

வீட்டம்மா கையில் நீல நூல் கட்டிய பை இருந்தது. "டப்பாவைத் துடைக்கலாம்னு பையை வெளிய எடுத்தேன். இது எப்படி என் டப்பாவுல வந்துச்சு?"

"உன் டப்பாவுல உன் பை இருக்கறதுல என்ன தப்பு?"

"தப்பு இருக்கு. இதை நான்தான் எடுத்து உங்க டப்பாவுல வச்சேன். மாத்தினது மறந்துடக் கூடாதுன்னு நூலும் கட்டினேன்."

ஹாரன் அந்த நூலையே பார்த்தார். அவர் எதையும் மெதுவாகத்தான் திருப்புவார், மூளையையும்.

"நீ எப்போ மாத்தினே?"

"நீங்க சாப்பிடாம கொள்ளாம, மோட்டுவளையைப் பாத்துக்கிட்டுக் கிடந்தீங்களே, அப்போ. எனக்கு வாயு வருது, உங்களுக்கு வரல. எனக்கு என்ன, கோட்டுல நிக்கறேன். நாளைக்கு ஸ்டியரிங்கை விட்டுட்டு அந்தக் குடைங்களோட போய் உக்காரப்போறது நீங்கதானே. அதான் என்னோட பையை உங்களுக்கு வச்சேன். சொன்னா வேண்டாம்பீங்கன்னு சொல்லல." நிறுத்தி, அவர் முகத்தைப் பார்த்தார். அங்கே எல்லாம் எழுதி ஒட்டியிருந்தது. "நீங்க எப்போ மாத்தினீங்க?"

ஹாரன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தோளில் கிடந்த பழுப்பு நூல் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "பாத்திரம் கழுவின அன்னைக்கு."

வீட்டம்மா கையிலிருந்த பையை அடுப்பு மேடையில் வைத்தார். "அப்போ, நான் உங்களுக்குக் குடுத்ததை, நீங்க எங்கிட்டருந்து திருடறதா நினைச்சு, திரும்ப எனக்கே குடுத்திருக்கீங்க. வெறும் மாவைத் திருடிக் குடிச்சிருக்கீங்க இத்தனை நாளா."

"ஆமா."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே!" இதைச் சொல்லும்போது வீட்டம்மாவின் குரல் உடைந்தது. கோபத்தைவிட அதுதான் ஹாரனை அறுத்தது.

"கேக்க வெக்கமா இருந்துச்சு."

"திருட வெக்கமா இல்லையா?"

"அது... யாரும் பாக்கலையே."

வீட்டம்மா திட்டுவதற்கு வாயைத் திறந்தார். வாயிலிருந்து வரும் முன்னால் வேறு வழியாக வந்தது, நீளமாக, அந்தப் பழைய திருப்பத்தோடு. நிற்கிற ஆளிடமிருந்து வந்ததால் நாற்காலி மேல் பழி போடவும் வழியில்லை. துண்டு லேசாகக் குலுங்கியது. ஹாரன் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று துண்டை இழுத்துப் பார்த்தார் வீட்டம்மா. இரண்டும் நடந்துகொண்டிருந்தது. அப்புறம் அவராலும் அடக்க முடியவில்லை. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கச் சிரிக்க இன்னும் வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்த வீட்டம்மா, அலமாரியின் மேல்தட்டிலிருந்து பெரிய கண்ணாடி ஜாடியை எடுத்தார். நீல நூல் பையை அதில் கவிழ்த்தார். மற்ற பையையும் கவிழ்த்தார். கரண்டியை விட்டு ஒரு கலக்குக் கலக்கினார். "இனிமே உன்னுது என்னுது கிடையாது" என்று மூடியைத் திருகினார். ஹாரன் அந்த ஜாடியைக் கோயில் உண்டியலைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருத்துவக் கல்லூரியில் நார்ச்சத்தையும் மாவையும் பிரித்து வைக்க ஒரு குழுவே பாடுபட்டிருந்தது என்பது அந்த நேரத்தில் இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. ஆராய்ச்சிப் பெண் மீதிப் பொடியை அளக்க வீட்டுக்கு வந்தபோதுதான் தோன்றியது. அவர் காலி டப்பாக்களைப் பார்த்தார். ஜாடியைப் பார்த்தார். ஜாடியின் கழுத்தில் நீலமும் பழுப்புமாகச் சேர்த்துக் கட்டிய நூலைப் பார்த்தார்.

"ரெண்டையும்... கலந்துட்டீங்களா?"

"ரெண்டும் வெள்ளைதானேம்மா. ஒரே மாதிரிப் பொடிக்கு ரெண்டு டப்பா எதுக்கு? அலமாரியில இடம் வேணாமா?" என்றார் வீட்டம்மா, திருட்டுக் கதை வெளியே வராமல் புருஷனை மறைத்துக்கொண்டு நின்று.

ஆராய்ச்சிப் பெண் அந்தப் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். நல்ல பெண். திட்டவில்லை, அழுதுவிடுவார் போல் மட்டும் இருந்தது. இருவரையும் ஆராய்ச்சியிலிருந்து நீக்க வேண்டியிருக்கும் என்றார். ஹாரனின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து இரக்கப்பட்டு, "பொடியில இருக்கறது சாப்பாட்டுலயும் இருக்கு சார். கொண்டைக்கடலை, பயறு, ஓட்ஸ், வேகவச்சு ஆறவச்ச உருளைக்கிழங்கு. கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க, தண்ணி நிறையக் குடிங்க. மாத்திரையையும் நடையையும் விட்டுடாதீங்க" என்றார்.

கொஞ்சம் கொஞ்சமாக என்ற இடத்தில் வீட்டம்மா ஏற்கெனவே கடலையை ஊறப் போடப் போயிருந்தார்.

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்ததை விவரிக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஹாரனின் கோடிக்கணக்கான பயணிகள் இத்தனை வருஷம் பன்னையே பார்த்தவர்கள். கடலை வந்து சேர்ந்ததும் மொத்தமாக எழுந்து நின்றார்கள். பேருந்தில் முதல் தடவை அது நேர்ந்தபோது பின்வரிசை வரைக்கும் பேச்சு நின்றது.

"அண்ணே, பஞ்சரா?" என்று கேட்ட கண்டக்டரம்மா, குனிந்து டயரைப் பார்க்கப்போய், பாதியில் புரிந்துகொண்டு நிமிர்ந்தார். ஒரு விசில் கொடுத்தார். "எல்லா ஜன்னலையும் திறங்க. டிரைவர் அண்ணனுக்கு மருந்து வேலை செய்யுது!"

வெட்கத்தில் ஹாரனின் காதுகள் சிவந்துபோயின. சத்தமே இல்லாத டிரைவர் என்ற பெயர் அன்றோடு போயிற்று. டிப்போவில் கூப்பிடுகிற பெயரை மாற்ற வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது.

டெஸ்டு நாளில் டிப்போ டாக்டர் முடிவை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஹாரன் அதற்குள் குடைகளை எண்ணத் தொடங்கிவிட்டார்.

"கீழ வந்திருக்கு" என்றார் டாக்டர். "மயிரிழைதான். ஆனா கீழதான். என்ன பண்ணீங்க?"

மாத்திரையை பிரஷ்ஷோடு கட்டியதா, பன்னை விட்டதா, முகம் பார்க்கக் கூசி நடந்த நடையா, கடலையா, உள்ளே இருக்கிறவர்கள் விட்டுப்போன அமிலமா? ஆராய்ச்சிப் பெண்ணைக் கேட்டால் எதையும் சொல்ல முடியாது, நீங்கள்தான் எல்லாவற்றையும் கலந்துவிட்டீர்களே என்பார். "வீட்ல பாத்துக்கிட்டாங்க சார்" என்று மட்டும் சொன்னார் ஹாரன். வெளியே வந்து, தொலைந்த பொருள் அறைப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் தன் பேருந்துக்கு நடந்தார். கண்ணில் நீர் தளும்பியது, துடைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை வீட்டம்மா கடைக்குப் போகப் பதினேழாம் நம்பரிலேயே ஏறி, டிரைவருக்குப் பின்னால் முதல் இருக்கையில் உட்கார்ந்தார். வண்டி நிறையக் கூட்டம். சந்தைத் தெரு முனையில் வழக்கம்போல ஒரு வேன்காரன் நடுவில் நிறுத்திவிட்டு, கதவில் சாய்ந்தபடி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். ஹாரனுக்கு மனசு நிரம்பி வழிந்தது. ஸ்டியரிங் கையில் இருக்கிறது, மனைவி பின்னால் இருக்கிறாள். ஒரே ஒரு தடவை, இன்றைக்கு மட்டும், சந்தோஷத்துக்காக அடித்தால் என்ன?

கையை உயர்த்தினார். கண்டக்டரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஹாரன் ஹாரனை அழுத்தினார்.

ஒன்றும் வரவில்லை. மறுபடி அழுத்தினார். மூச்.

"அது செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு அண்ணே" என்றார் கண்டக்டரம்மா மெதுவாக. "நீங்கதான் அடிக்கவே மாட்டீங்களேன்னு மெக்கானிக் அதைக் கழட்டி வேற வண்டிக்கு மாட்டிட்டாரு."

அந்த அமைதியில்தான் அது வந்தது. நீளமாக, கம்பீரமாக, நடுவில் அந்தத் திருப்பத்தோடு, முதல் இருக்கையிலிருந்து. திறந்திருந்த ஜன்னல் வழியாகத் தெருவுக்கும் கேட்டிருக்க வேண்டும். வேன்காரன் துள்ளி உள்ளே ஏறி, வண்டியை ஓரம் கட்டினான்.

பேருந்தில் இருந்த தலைகள் எல்லாம் முன்பக்கம் திரும்பின. வீட்டம்மாவின் முகம் வெளிறிப்போனது. இங்கே இஸ்திரி மெஷின் கிடையாது. 'நாற்காலி' என்று சொல்ல உதடு பிரிந்தது, சத்தம் வரவில்லை.

ஹாரன் இருக்கையிலிருந்து பாதி எழுந்தார். இத்தனை வருஷம் யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்: "நான்தான்! மன்னிச்சுக்குங்க, நான்தான் விட்டேன்."

கூட்டம் சிரித்தது. யாரோ கை தட்டினார்கள். கண்டக்டரம்மாவுக்கு எது எங்கிருந்து வந்தது என்று நன்றாகத் தெரியும். இருந்தும், "நம்ம அண்ணன் சத்தம் தெரியாதா!" என்று விசில் கொடுத்தார். ஹாரன் உட்கார்ந்து, கியரைப் போட்டு, யாரும் அசையாதபடி வண்டியை எடுத்தார்.

வீட்டம்மா முன்னால் சாய்ந்து, அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"இதையுமா எங்கிட்டருந்து திருடுவீங்க?"